மனச்சிதைவுக்கு உளச்சிகிச்சை: கருவிகளும் கூட இருப்பவர்களும்

மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்களுக்கு மாத்திரை மட்டும் போதாது என்பதை மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்நோய் உள்ள எல்லோருக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை குறைந்தது 16 அமர்வுகள் தரப்பட வேண்டும் என்றும், குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை குறைந்தது 10 அமர்வுகள் வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அதே நாட்டில் மனச்சிதைவு ஆணையம் ஓர் அறிக்கை தந்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது என்றது அந்த அறிக்கை. அரசே மருத்துவச் செலவை ஏற்கும் நாட்டின் நிலை அது.

இந்தியாவில் கேள்வி இன்னும் அடியிலிருந்து தொடங்குகிறது. பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி கடுமையான மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. மாத்திரையே போய்ச் சேராத வீட்டில் உளச்சிகிச்சையைப் பற்றி யார் பேசுவது? இந்த இடைவெளியைச் செல்பேசிச் செயலிகளும் மெய்நிகர்க் கருவிகளும் நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை கடந்த பதினைந்து ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. அதற்குச் சான்று இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆய்வுகளைப் படித்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலன் தந்த கருவி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, அவருக்குச் சம்பளம் யார் தருவது என்பவைதான் உண்மையான கேள்விகள்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பது விளங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று நம்பும் ஒருவரிடம் "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று வாதாடுவது வீட்டில் எல்லோரும் செய்வது. அதனால் சந்தேகம் கூடியதுண்டே தவிரக் குறைந்ததில்லை. சிகிச்சையாளர் வாதாடுவதில்லை. அந்த எண்ணம் எப்போது வந்தது, அன்று என்ன நடந்தது, வேறு விளக்கம் ஏதாவது இருக்க முடியுமா, எதைச் செய்து பார்த்தால் தெரியும் என்று நோயாளியோடு சேர்ந்து தேடுகிறார். ஆரோன் பெக் 1952-லேயே இப்படி ஒரு நோயாளிக்குப் பேசிச் சிகிச்சை தந்ததைப் பற்றி எழுதினார். என்றாலும் 1990-களில் பிரிட்டனில்தான் இது முறையாக வளர்ந்தது. இதன் பயன் மிதமானதுதான். எவ்வளவு மிதம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கடும் கருத்து வேறுபாடு உண்டு. நம்பிக்கை வளர வாரங்கள் ஆகும். சிகிச்சையாளருக்கு நீண்ட பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும். நோயாளி பயந்து வராமல் போகும் நாட்களைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். இவ்வளவும் உள்ளவர்கள் எந்த நாட்டிலும் போதிய எண்ணிக்கையில் இல்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பிலிப்பா கேரட்டியும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். சந்தேக நோயில் பலருக்கும் பொதுவாக இருப்பது அவசர முடிவு என்று அவர்களுடைய முந்தைய ஆராய்ச்சி காட்டியிருந்தது. எதிரே வருகிறவர் சிரித்தார், என்னைப் பார்த்துத்தான் சிரித்தார், எனக்கு ஏதோ செய்யப்போகிறார் என்று மனம் ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறது. அந்த ஓட்டத்தைச் சற்று நிதானப்படுத்தப் பழக்கினால் போதாதா என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் ஸ்லோமோ. எட்டு அமர்வுகள். சிகிச்சையாளரும் நோயாளியும் ஒரே தொடுதிரைமுன் உட்காருகிறார்கள். கவலைகள் திரையில் குமிழிகளாகச் சுழல்கின்றன. வேகமாகச் சுழலும் குமிழியை மெதுவாக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார் நோயாளி. பிறகு அதே குமிழிகள் அவருடைய செல்பேசிக்கு வருகின்றன. பேருந்திலோ கடையிலோ சந்தேகம் எழும் நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வடிவமைத்தவர்கள் முதலில் நோயாளிகளிடம் போய்க் கேட்டார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிகிச்சைத் தாள்களில் நிரம்பி வழியும் எழுத்து பலருக்குத் தடையாக இருக்கிறது என்பதை வைத்தே எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்டினார்கள்.

லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, சஸெக்ஸ் ஆகிய இடங்களில் 361 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்களில் எண்பது சதவீதத்தினர் எட்டு அமர்வுகளையும் முடித்தார்கள். பலமுறை மருத்துவமனையில் சேர்ந்து, எவர்மேலும் நம்பிக்கை இழந்திருக்கும் மனிதர்களிடம் இது சாதாரண எண்ணிக்கை அல்ல. ஆனால் 24 வாரங்களுக்குப்பின் எடுத்த முதன்மை அளவுகோலில் வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. 12 வாரத்தில் இருந்தது, வேறு சில அளவுகோல்களில் 24 வாரத்திலும் இருந்தது. கருவி பயன்படுகிறது, எவ்வளவு காலம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. இந்தத் தொனியை இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் இன்னும் ஒரு படி மேலே போனார். கேம்சேஞ்ச் என்ற மெய்நிகர் சிகிச்சையில் பேச்சு, வழிகாட்டல், பயிற்சி எல்லாமே கணினிக்குள் இருக்கின்றன. பயத்தால் வீட்டைவிட்டு வெளியே வராத மனநோயாளிகளுக்கானது அது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டதும் நிக் என்ற மெய்நிகர்ப் பயிற்சியாளர் வரவேற்கிறார். தெரு, பேருந்து, கடை, காப்பிக்கடை, மதுக்கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை என்று படிப்படியாக வெளியுலகில் நடந்து பழகலாம். ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம். 346 பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியது. ஆனால் மிகக் கடுமையாக முடங்கிக்கிடந்தவர்களிடம் அது பெரியதாக இருந்தது, ஆறு மாதம்வரை நீடித்தது. யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களுக்கே அதிகம் உதவுவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை. இந்த ஆய்வின் அடிப்படையில் 2023-இல் நைஸ் நிறுவனம் கடுமையாக முடங்கியவர்களுக்கு மட்டும் என்ற வரம்போடு, மேலும் சான்று திரட்டியபடியே இதைப் பயன்படுத்தலாம் என்றது.

தானாக இயங்கும் சிகிச்சை என்றாலும் அறையில் ஒரு பணியாளர் இருந்தார். கவசத்தை மாட்டிவிட்டார், தயங்கியவரைத் தேற்றினார், "இந்த வாரம் உண்மையான கடைக்குப் போய்ப் பார்ப்போமா" என்று கேட்டார். அவர் பல ஆண்டுப் பயிற்சி பெற்ற உளவியலாளராக இருக்க வேண்டியதில்லை. தானே நோயைக் கடந்து வந்த துணைப் பணியாளராகவும் இருக்கலாம். கருவியின் மெய்யான சாதனை இதுதான் என்பேன். அரிதாகக் கிடைக்கும் நிபுணரின் அறிவைத் திரைக்குள் வைத்துவிட்டு, எளிதாகக் கிடைக்கும் நல்ல மனிதரின் துணையைத் திரைக்கு வெளியே வைத்துக்கொள்கிறது.

இந்தத் துறையில் எல்லாரையும் ஈர்த்த முயற்சி அவதார் சிகிச்சை. அதை எண்ணிப் பார்த்தவர் ஜூலியன் லெஃப். குடும்பத்தாரின் கடுஞ்சொல்லும் அளவுமீறிய பதற்றமும் நோய் திரும்ப வருவதற்குக் காரணமாகலாம் என்று காட்டிய ஆராய்ச்சியில் முன்னோடி அவர். சண்டிகரிலும் ஆய்வு நடத்தி, லண்டன் குடும்பங்களைவிட இங்குள்ள குடும்பங்களில் அந்தக் கடுமை குறைவு என்று கண்ட குழுவில் இருந்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு, 2008-இல், அவர் வேறொரு பேச்சின்மேல் கவனம் வைத்தார். காதில் கேட்கும் குரல்கள் நோயாளியைத் திட்டுகின்றன, கட்டளையிடுகின்றன. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவற்றோடு உரையாட முடிவதில்லை. அவற்றுக்கு ஒரு முகம் தந்தால்?

நோயாளி தான் கேட்கும் குரலுக்குப் பொருந்தும் முகத்தைக் கணினியில் தேர்ந்தெடுக்கிறார், குரலையும் பொருத்துகிறார். சிகிச்சையாளர் வேறொரு அறையில் இருந்து, ஒரு நேரம் தன் சொந்தக் குரலிலும் மறு நேரம் கணினி மாற்றித் தரும் அந்தக் குரலிலும் பேசுகிறார். முதலில் அவதாரம் வழக்கம்போல் திட்டுகிறது. சிகிச்சையாளர் தன் குரலில் "பதில் சொல்லுங்கள்" என்று ஊக்குகிறார். வாரங்கள் போகப்போக நோயாளி எதிர்த்துப் பேசுகிறார், அவதாரம் மெல்ல இறங்கி வருகிறது. பேச்சின் ஒலிப்பதிவு அவரிடமே தரப்படுகிறது. வீட்டில் குரல் கேட்கும்போது போட்டுக் கேட்கலாம். 26 பேரிடம் செய்த முதல் சோதனையை லெஃப் 2013-இல் வெளியிட்டார். பின்னர் டாம் கிரெய்க் தலைமையில் 150 பேரிடம் நடந்த ஆய்வில், ஆதரவு ஆலோசனை பெற்றவர்களோடு ஒப்பிட 12 வாரத்தில் அவதார் பிரிவில் குரல்களின் கடுமை தெளிவாகக் குறைந்திருந்தது. 24 வாரத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அவதார் பிரிவினர் பெற்றதை இழந்துவிடவில்லை, ஆலோசனை பெற்றவர்களும் அதற்குள் முன்னேறியிருந்தார்கள். அக்கறையோடு வாரந்தோறும் உட்கார்ந்து கேட்கும் ஒருவர் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் இந்த முடிவு சாட்சி. 2024-இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் 345 பேர் கலந்துகொண்டார்கள். குறுகிய வடிவமும் விரிந்த வடிவமும் சோதிக்கப்பட்டன. 16 வாரத்தில் இரண்டிலும் மனத்துயரம் குறைந்தது. 28 வாரத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. விரிந்த வடிவத்தில் மட்டும் குரல்கள் கேட்கும் தடவைகள் குறைந்தன, அது 28 வாரத்திலும் நீடித்தது. அந்த விரிந்த வடிவத்தில்தான் நோயாளியின் வாழ்க்கைக் கதையும் அவர் பட்ட காயங்களும் உரையாடலுக்குள் வருகின்றன.

இதைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளர், சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவன மருத்துவர் பத்மாவதி முதலானோருடன் சேர்ந்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் தலா இருபது நோயாளிகளிடம் அவர்களுடைய குரல்களைப் பற்றிக் கேட்டார்கள். அமெரிக்கர்கள் பலருக்கும் அவை யாரென்று தெரியாத, வன்முறை நிறைந்த படையெடுப்பாக இருந்தன. சென்னையில் பலருக்கு அவை சொந்தக்காரர்களின் குரல்கள். குளி, சமை, வேலையைப் பார் என்று ஏவின, திட்டின, சில சமயம் நல்ல புத்தியும் சொன்னன. மாமியாரின் குரலிலோ இறந்துபோன தாயின் குரலிலோ பேசும் ஒன்றை எதிர்த்து நின்று வெல்வது எல்லோருக்கும் சிகிச்சையாகுமா? அந்தக் குரலோடு சமாதானமாவது, அது சொல்வதில் எதை ஏற்பது எதை விடுவது என்று தீர்மானிப்பது, சிலரிடம் இன்னும் பொருத்தமாக இருக்கலாம். லண்டனில் எழுதப்பட்ட உரையாடல் முறையை மொழிபெயர்த்துப் போட்டால் போதாது என்று நான் உறுதியாக நினைப்பதற்கு இந்த ஆய்வு காரணம். முகத்தை மட்டும் மாற்றினால் உறவு மாறிவிடாது.

செல்பேசிச் செயலிகளின் கதை இதைவிட எளியது, பரந்தது. மான்செஸ்டரில் சாண்ட்ரா புச்சியின் குழு உருவாக்கிய ஆக்டிஸிஸ்ட், நோயின் தொடக்கக் காலத்தில் உள்ளவர்களுக்கு நாள்தோறும் சிறு கேள்விகளும் யோசனைகளும் தருகிறது. 2018-இல் வந்த 36 பேர் சோதனையில் அதைப் பயன்படுத்துவது சாத்தியம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் ட்ரோர் பென்-ஸீவ் உருவாக்கிய ஃபோக்கஸ் செயலியின் ஆய்வு எனக்கு இன்னும் பயனுள்ளதாகப் படுகிறது. அதே ஆண்டு வெளிவந்த அதில் 163 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செயலி, மறு பிரிவுக்கு மையத்துக்கு வந்து கலந்துகொள்ளும் குழுச் சிகிச்சை என்று தந்தார்கள். செயலிப் பிரிவில் 90 சதவீதத்தினர் தொடங்கினார்கள். குழுச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் 58 சதவீதம். நோய் அறிகுறிகளிலும் மனநிலையிலும் முன்னேற்றம் இரு பிரிவுகளிலும் ஒத்திருந்தது. அதாவது செயலி கூடுதல் மருந்தாக அமையவில்லை, கூடுதல் பேருக்கு வாசலைத் திறந்தது. அதிலும், செயலியோடு ஒரு பணியாளர் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினார்.

மெல்பர்னின் ஹொரைசன்ஸ் தளத்தில் இந்தத் துணை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முதல்முறை மனப்பிறழ்வு நோய் (சைக்கோசிஸ்) வந்த இளைஞர்களுக்கு இரண்டாண்டுச் சிறப்புச் சிகிச்சை முடிந்ததும் ஆதரவு சட்டென்று நின்றுவிடுகிறது. அந்தப் பள்ளத்தை மூட மாரியோ அல்வாரெஸ்-ஹிமெனெஸ் ஓர் இணையச் சமூகத்தை அமைத்தார். அதில் சிகிச்சைப் பாடங்கள் உண்டு. சக நோயாளிகள், மருத்துவ ஆலோசகர்கள், வேலைவாய்ப்பு வழிகாட்டிகள் எல்லோரும் இருக்கிறார்கள். 170 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில், முதன்மையாக எதிர்பார்த்த சமூகச் செயல்பாட்டில் வித்தியாசம் வரவில்லை. ஆனால் படிப்பிலோ வேலையிலோ சேர்வதற்கான வாய்ப்பு ஹொரைசன்ஸ் பிரிவில் பல மடங்கு கூடியிருந்தது. இருபது வயதில் நோய் வந்த பிள்ளையின் பெற்றோரிடம் கேட்டால் இந்த முடிவு அளவுகோல்களைவிட முக்கியம் என்பார்கள்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று அஞ்சும் மனிதரின் கையில், அவர் எங்கே போகிறார், எவ்வளவு தூங்குகிறார், யாரிடம் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளும் செல்பேசியைக் கொடுக்கிறோம். விழுங்கியதைத் தெரிவிக்கும் உணரியைப் பொதித்த அரிப்பிப்ரசோல் என்ற மனநோய் மாத்திரைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் அனுமதி தந்தது. இந்த நோயின் அச்சத்தை அறிந்தவர்களுக்கு அந்த அனுமதி கலக்கம் தந்ததில் வியப்பில்லை. ஒப்புதல் என்பது ஒருமுறை கையெழுத்து வாங்குவதோடு முடியக்கூடாது. நோயாளி விரும்பும் நாளில் பதிவை நிறுத்தவும், பதிவானதைப் பார்க்கவும், அழிக்கவும் முடிய வேண்டும். நம் மனநலச் சட்டம் 2017 நோயாளியின் தகவல் இரகசியமாக இருக்க உரிமை தருகிறது; அந்த உரிமையைச் செயலி செய்யும் நிறுவனங்களின் வாசலில் யார் காவல் காப்பது என்பது இன்னும் தீரவில்லை.

எதையும் ஆமோதித்துப் பேசும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இன்னொரு கவலை. சோரென் ஓஸ்டர்கார்ட் என்ற டென்மார்க் மனநல மருத்துவர், இவை பிறழ்நம்பிக்கைக்கு ஆளாகக்கூடியவர்களிடம் அதை வளர்த்துவிடுமோ என்று 2023-லேயே கேட்டார். மேலே சொன்ன சிகிச்சைகளின் உயிர்நாடி, வேறு விளக்கம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்பது. உடனே ஒத்துப்போகும் ஒன்று அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கு விற்கும் உரையாடியை இந்நோய்க்குச் சிகிச்சை என்று யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. அதற்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசினார். கிராமத்தில் களப்பணியாளர் நோயாளியை அழைத்து வந்தார், மருந்து கொடுத்தார், அடுத்த முறை வராவிட்டால் வீடு தேடிப் போனார். திரை அங்கே நல்ல நிபுணரைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. களப்பணியாளர் இல்லாவிட்டால் அந்தத் திரை முன்னால் உட்கார ஆளே இருந்திருக்காது. அதே நிறுவனம் பங்கேற்ற இன்னொரு ஆய்வு 2014-இல் வந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீட்டுக்கே போய் உதவினார்கள். ஒட்டுமொத்தப் பலன் மிதமானது; ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. எந்தச் சேவையும் இல்லாத இடத்தில் ஒருவர் வாசலுக்கு வந்தால் பெரிய மாற்றம் வருகிறது.

நமக்கு இன்னொரு வலிமையும் உண்டு. ஸ்கார்ஃபும் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகமும் முதல்முறை நோய் வந்தவர்களை ஒரே மாதிரிச் சேவை தந்து ஒப்பிட்டன. சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையில் மிகுதியாகப் பங்கெடுத்தார்கள். ஊக்கமின்மை, ஒதுங்கிப்போதல் போன்ற அறிகுறிகளில் சென்னை நோயாளிகளின் முன்னேற்றமும் மேலாக இருந்தது. ஆனால் மேற்கில் செய்த செயலிகள் தனி ஒருவரின் தனிச் செல்பேசிக்காக எழுதப்பட்டவை. இங்கே செல்பேசி பெரும்பாலும் அப்பாவுடையது, அல்லது அண்ணனுடையது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 54 சதவீதத்தினரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் செல்பேசி இருந்தது. மனநோய் உள்ள பெண்களிடம் இது இன்னும் குறைவாக இருக்கும் என்று ஊகிக்கக் காரணங்கள் பல. குடும்பத்துக்கான பகுதியும் நோயாளி மட்டும் திறக்கக்கூடிய பகுதியும் தனித்தனியாக உள்ள, எழுத்தைவிடக் குரலை நம்பும், வட்டார வழக்கில் பேசும் கருவி நமக்கு வேண்டும். அம்மாவுக்கு மாத்திரையின் பக்கவிளைவும், மகனைத் திட்டாமல் பேசுவது எப்படி என்பதும் அதே கருவியில் கிடைக்க வேண்டும்.

வேறு நாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் லியூயாங் பகுதிக் கிராமங்களில் 278 பேரிடம் நடந்த ஆய்வில், குறுஞ்செய்தியும் ஊரிலேயே உள்ள ஓர் உதவியாளரும் இணைந்த பிரிவில் மருந்து உட்கொள்ளும் விகிதம் 0.61 ஆகவும், அவை இல்லாத பிரிவில் 0.48 ஆகவும் இருந்தது. பெரும்பாலும் அந்த உதவியாளர் குடும்பத்திலேயே ஒருவர். கானாவில் பென்-ஸீவின் குழு, வழிபாட்டு முகாம்களில் நோயாளிகளைப் பராமரிக்கும் குணப்படுத்துபவர்களுக்கே அசைபடங்கள் வழியாகப் பயிற்சி தரும் செயலியை உருவாக்கியது. 2001-இல் 28 மனநோயாளிகளைத் தீயில் பறிகொடுத்த ஏர்வாடியில், தர்காவை ஒட்டியே மருத்துவச் சேவை தரும் முயற்சி பின்னர் அரசால் தொடங்கப்பட்டது. கானாவின் அனுபவத்தை நாம் ஆர்வத்தோடு படிக்க வேண்டிய காரணம் அதுதான்.

டெலி மானஸ் எண் 14416 நாட்டில் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நெருக்கடியில் அது பெரிய உதவி. ஆனால் அதில் ஒவ்வொரு அழைப்பிலும் வேறொருவர் பேசக்கூடும். மனச்சிதைவு உள்ளவருக்குத் தேவைப்படுவது தெரிந்த ஒருவரோடு மாதக்கணக்கில் தொடரும் பேச்சு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் 2021 முதல் மாநிலமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சிறப்புப் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் தந்து, நிபுணர் மேற்பார்வையோடு ஒரு நல்ல கருவியைக் கையில் கொடுத்தால், அவர்கள் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் அவரோடும் அவருடைய தாயோடும் உட்கார்ந்து ஸ்லோமோ போன்ற ஒன்றைச் செய்ய முடியுமா? செய்து பார்க்க வேண்டிய ஆய்வு இது. அதில் கருவிக்கு எவ்வளவு செலவு என்று கணக்கெழுதும்போது அந்தத் தன்னார்வலரின் ஊதியத்தையும், அவரை மேற்பார்வையிடும் உளவியலாளரின் நேரத்தையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும். பலன் ஆறு மாதத்தில் தேயக்கூடும் என்பது முந்தைய ஆய்வுகளிலிருந்து தெரிந்திருப்பதால், இரண்டாம் ஆண்டும் அவர் அந்த வீட்டுக்குப் போவதற்கான பணமும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும்.